சுயஅறிமுகத்துக்கு ஒரு அம்மா

கமலாக்கா கேமராவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். முதுகில் ஒரு பிரம்புக் கூடை. பெங்களூரில், வீட்டு அலங்காரப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் கம்பெனிக்காரர்கள் வாங்கி வந்த கூடை அது. அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை அப்போதுதான் நகத்தால் சுரண்டி எடுத்திருந்தேன்.

"ஏங்கண்ணு, இது அழுக்குத் துணி போடற கூடைதானே?" என்று என் காதோரம் கேட்டார்.

"ஆமாங்க்கா. பேசாம நில்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை. குன்னூரில் எங்கள் வீட்டுக்கு எதிர்ச் சரிவில் இருக்கிற சின்னத் தேயிலைத் தோட்டம். பனி இன்னும் முழுதாகக் கலையவில்லை. செருப்பு நனைந்து கால் விரல்கள் மரத்துப்போயிருந்தன. மலைக்கு வருகிறோம் என்று தெரிந்தும் அரைக்கை பனியனில் வந்திருந்த கேமராக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு படம் பிடித்தார். அவர் நடுங்கியபோதெல்லாம் தேயிலையும் நடுங்கியது.

என் கம்பெனியிலிருந்து வந்திருந்த நிவேதிதா சென்னைப் பெண். பணியாளர்களின் மகிழ்ச்சியைக் கவனித்துக்கொள்வது அவர் வேலை. "ஆன்ட்டி, நேச்சுரலா இருங்க. டெய்லி எப்படி இலை பறிப்பீங்களோ, அப்படியே பறிங்க" என்றார்.

கமலாக்கா தினமும் பறிக்கிறபடியே பறிப்பதற்காகக் கத்தரியை எடுத்தார்.

"ஐயோ, கத்தரி வேண்டாம் ஆன்ட்டி. கையால பறிங்க. ரெண்டு இலை, ஒரு மொட்டு."

"கையில பறிச்சுட்டு இருந்தா பொழுது போயிருமுங்க. இப்பெல்லாம் கத்தரிதானுங்க."

"வீடியோல கை நல்லா இருக்கும்."

கமலாக்கா பெருமூச்சு விட்டு, கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, வீடியோவுக்காக இரண்டு இலையும் ஒரு மொட்டும் பறித்தார்.

நான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவள். கமலாக்கா என் அம்மா இல்லை. இந்த இரண்டு உண்மைகளில் முதலாவது மட்டும்தான் அன்று காலை நிவேதிதாவுக்குத் தெரியும்.

நூறு சொற்களுக்கு மிகாமல்

போன வாரம் இந்தப் பத்தியில் கல்லூரி விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "அப்புறம் வேலை கிடைத்ததா இல்லையா?" என்று சில வாசகர்கள் கவலைப்பட்டிருந்தார்கள். கிடைத்தது. பெங்களூர் கம்பெனி. ஆனால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றார்கள். ஆகவே நான்கு ஆண்டு கோயம்புத்தூரில் வெயிலில் காய்ந்து படித்துவிட்டு, கிளம்பிய அறைக்கே திரும்பி வந்து, அதே ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

சேர்ந்த முதல் வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் தங்களைப் பற்றி நூறு சொற்களுக்கு மிகாமல் எழுதித் தர வேண்டும். திறமைகள் என்ன, எது உங்களை இயக்குகிறது, நீங்கள் போற்றும் பண்புகள் எவை.

திறமைகள் என்ற இடத்தில் ஐந்து கணினி மொழிகள் தெரியும் என்று எழுதினேன். இரண்டு தெரியும். இரண்டைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாவதைப் பற்றிப் பக்கத்து அறைப் பெண் பேசிக் கேட்டிருக்கிறேன். குழுவாகச் சேர்ந்து வேலை செய்யப் பிடிக்கும் என்றும் எழுதினேன். கல்லூரியில் எங்கள் குழுவில் நான்கு பேர். மூன்று பேர் தூங்குவார்கள், நான் தட்டச்சு செய்வேன். அந்த அளவுக்குக் குழு உணர்வு.

எது என்னை இயக்குகிறது? தொழில்நுட்பத்தின் மூலம் சாமானிய மக்களின் வாழ்க்கையை மாற்ற வேண்டும் என்ற துடிப்பு. எங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்றால், பெரிய நகரங்களில் இருக்கிறவர்கள் ஒரு சோபாவை வாங்குவதற்கு முன், அது தங்கள் ஹாலில் எப்படி இருக்கும் என்று போனிலேயே பார்த்துக்கொள்ள உதவுகிறது. அந்த சோபாவின் நிழல் தரையில் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை எழுதுவது நான். மூன்று ஆண்டுகளாக நிழல்களைச் சரிசெய்து சாமானிய மக்களின் வாழ்க்கையை மாற்றி வருகிறேன்.

பண்புகளில் முதலாவதாக நேர்மை என்று எழுதினேன். என்னோடு சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் அதைத்தான் முதலாவதாக எழுதியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அவ்வளவு நேர்மையானவர்கள் ஒரே இடத்தில் கூடியது தற்செயலாக இருக்க முடியாது.

எல்லாம் எழுதியும் நூறு சொல் நிரம்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எதிர்ச் சரிவு முழுக்கத் தேயிலை. "தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவள் நான்" என்று ஒரு வரியைச் சேர்த்தேன். அதில் துளிகூடப் பொய் கிடையாது. சுத்தமான புவியியல்.

அடுத்த வாரக் கூட்டத்தில் எங்கள் துறைத் தலைவர் அந்த வரியை உரக்கப் படித்தார். "ஒரு தேயிலைத் தொழிலாளியின் மகள் இன்று நம் நடுவில்" என்று அவர் சொன்னபோது கணினித் திரையில் இருந்த நாற்பது சின்னச் சதுரங்களும் கை தட்டின. ஒரு சதுரம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"இல்லை சார், எங்க அப்பா ஸ்வெட்டர் கடை வச்சிருக்கார்" என்று சொல்லியிருக்க வேண்டும். என் மைக் அணைந்திருந்தது. அதை உயிர்ப்பிக்க ஒரு விரல் போதும். அந்த விரல் பொத்தான் வரை போனது. அங்கேயே நின்றது. பிறகு நானும் சேர்ந்து கை தட்டினேன்.

அதற்குப் பிறகு வாழ்க்கை சுகமாக இருந்தது. மழையில் இணையம் அறுந்து வேலை தாமதமானால், "பாவம், எஸ்டேட்ல இருந்து வேலை பண்ற பொண்ணு" என்று இரண்டு நாள் கூடுதலாகக் கொடுத்தார்கள். மழையே இல்லாத நாட்களிலும் எனக்கு அறுந்திருக்கிறது.

சுகந்தி வுல்லன்ஸ்

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாத்தா கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். அப்பா பிறந்தது, பள்ளிக்குப் போனது, பாதியில் நிறுத்தியது எல்லாம் குன்னூரில். பேருந்து நிலையத்திலிருந்து மேலே ஏறுகிற சாலையில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கிறார். மலை என்றால் ஒரு படம்தானே என்று நினைத்து மெல்லிய சட்டையில் வந்து இறங்குகிற சுற்றுலாப் பயணிகள்தான் எங்கள் குடும்பத்தின் ஆதாரம்.

"கையில பின்னுனதுங்க. எல்லாம் இங்கத்த லேடீஸ் பின்னுனது" என்பார் அப்பா. வடக்கேயிருந்து லாரியில் மூட்டையாக வந்த ஸ்வெட்டர் அது. ஆக, அறிமுகத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற கலை எனக்கு இரத்தத்திலேயே இருக்கிறது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அப்பா ஸ்வெட்டரைப் பற்றித்தான் கூட்டிச் சொல்வார். தன்னைப் பற்றி ஒருபோதும் சொன்னதில்லை.

கடைக்கு என் பெயர். நான் பிறந்தபோது எழுதிய போர்டு. மழையில் 'சு' மங்கிப்போய், அவசரமாகப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் 'கந்தி வுல்லன்ஸ்' என்று படிப்பார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நிவேதிதா அழைத்தார். கம்பெனி ஒரு வீடியோத் தொடர் எடுக்கப்போகிறது. பணியாளர்களின் ஊர், வீடு, வேர். முதல் வீடியோ என்னுடையது. "உங்க வில்லேஜுக்கே வர்றோம் சுகந்தி. அம்மா தேயிலை பறிக்கிறதை ஷூட் பண்றோம். பெரியவங்க எல்லாரும் பார்ப்பாங்க."

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் தவறான வரியை அழிக்காமல், அது தவறு என்று தெரியாதபடி அதைச் சுற்றி இன்னும் ஐம்பது வரி எழுதுவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். தொழில் பக்தியோடு இருந்துவிட்டேன்.

முதலில் அம்மாவிடம் கேட்டேன். அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறவர்.

"கூடையெல்லாம் என்னால மாட்ட முடியாது. கழுத்து வலி. தேயிலைக்கும் எனக்கும் இருக்கற சொந்தம் அடுப்போட சரி" என்றார் மிஷினை நிறுத்தாமலே.

பிறகுதான் கமலாக்கா. எங்கள் வீட்டுக்குக் கீழே, தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கிறார். பதினெட்டு வயதிலிருந்து இலை பறிக்கிறார். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருவார், வாங்கிப்போக வருவார், இரண்டும் இல்லாதபோது அம்மாவோடு டீ குடிக்க வருவார். அவரிடம் விஷயத்தைச் சுற்றிவளைத்துச் சொன்னேன்.

"உங்கம்மாவா நிக்கோணும். அவ்வளவுதானே? நில்லுன்னா நிக்கிறேன்" என்றார். பிறகு ஒன்று கேட்டார். "மகளப் பத்தி ஏதாச்சும் கேப்பாங்களா?"

"கேப்பாங்கன்னு நினைக்கிறேங்க்கா."

"அப்பச் சரி. நான் சொல்லிக்கிறேன்."

அவர் முகத்தில் தெரிந்த அந்த உறுதியை நான் கவனித்திருக்க வேண்டும். என் கவலையெல்லாம் போர்டைப் பற்றியதாக இருந்தது. நிவேதிதாவின் கார் எங்கள் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்கு ஏற வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனேன். அப்பா குரங்குக் குல்லாய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்கு அரைகுறையாகத் தெரியும்.

"அப்பா, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் போர்டு மேல துணி ஏதாச்சும் போட்டுக்கலாமா? என் பேரு இருக்குது."

அப்பா கோபப்படுவார் என்று தயாராகப் போயிருந்தேன். பதில்கள்கூட வைத்திருந்தேன். அவர் கையிலிருந்த குல்லாயை மடித்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"ஸ்வெட்டர் விக்கறது வெளிய சொல்ற மாதிரி இல்லீங்களா கண்ணு?"

நான் தயாரித்திருந்த பதில்கள் எல்லாம் கோபத்துக்கானவை. அவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கடையிலேயே பெரிய சால்வையாகப் பார்த்து எடுத்தார். நல்ல சிவப்பு. ஸ்டூலில் ஏறி, நான்கு மூலையிலும் கட்டினார். இறங்கி, சாலைக்கு எதிர்ப்புறம் போய் நின்று பார்த்தார்.

"எழுத்து எதுவும் தெரியலயில்ல? நீயும் ஒருக்கா பாத்துக்கோ."

பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. கச்சிதமான வேலை.

மகளைப் பற்றி இரண்டு வார்த்தை

மறுநாள் காலை, தோட்டத்தின் மேல் பகுதியில்தான் படம் எடுப்பதாக இருந்தது. "மேல தண்ணித் தொட்டிகிட்டப் போகாதீங்க. கரடி நிக்குதாம், போன்ல வந்துருக்குது" என்று அம்மா சொன்னதால் எதிர்ச் சரிவுக்கு மாற்றிக்கொண்டோம். நிவேதிதாவுக்குக் கரடியையும் படம் எடுக்க ஆசைதான். கேமராக்காரருக்கு இல்லை.

இரண்டு இலை ஒரு மொட்டு முடிந்தது. கமலாக்கா சரிவில் ஏறுவது, இறங்குவது, தூரத்தைப் பார்ப்பது எல்லாம் முடிந்தது. நிவேதிதா ஒரு சின்ன மைக்கை கமலாக்காவின் சேலையில் குத்தினார்.

"இப்ப, உங்க டாட்டரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க ஆன்ட்டி."

கமலாக்கா கூடையை இறக்கிக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேமராவின் கண்ணை நேராகப் பார்த்தார். அதுவரை அவரை அப்படி நிற்க வைக்க நிவேதிதா அரை மணி நேரம் போராடியிருந்தார்.

"எம் மக பேரு ரேவதிங்க."

நிவேதிதா என்னைப் பார்த்தார். நான் தேயிலையைப் பார்த்தேன்.

"ஓ, சுகந்தியை வீட்ல ரேவதின்னு கூப்பிடுவீங்களா? ஸ்வீட்!"

நான் தப்பிக்க ஒரு கதவை அவரே திறந்து, அகலப் பிடித்துக்கொண்டும் நின்றார். "ஆமா" என்று சொன்னால் போதும். சொல்வதற்கு நான் வாயைத் திறந்துவிட்டேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"இல்லீங்க" என்றார் கமலாக்கா. "சுகந்தி மேல் ஊட்டுப் புள்ள. எம் மக ரேவதி. ஊட்டி கவருமெண்டு காலேஜுல பிசிஏ முடிச்சிருக்குது. நல்ல மார்க்குங்க. ரெண்டு வருசமா எல்லாக் கம்பெனிக்கும் எழுதிப் போட்டுட்டே இருக்குது. உங்க கம்பெனிக்கும் போட்டுச்சாமுங்க. ஒரு பதிலும் வரலீங்க. இப்பச் சாக்லேட் கடையில பொட்டி கட்டிட்டு இருக்குது. கம்பெனியில இருந்து வராங்க, கேமராவுல பேசுனா பெரியவங்க பாப்பாங்கன்னு சுகந்தி சொல்லுச்சு. அதுக்குத்தானுங்க வந்தேன். கூடைய மாட்டுன்னீங்க, மாட்டிக்கிட்டேன்."

கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. கேமராக்காரர் முதல் முறையாக நடுங்குவதை நிறுத்தியிருந்தார்.

"சுகந்தி, இவங்க உங்க அம்மா இல்லையா?"

"இல்லைங்க. எங்கம்மா ஜாக்கெட் தைக்கறாங்க. அப்பா ஸ்வெட்டர் கடை வச்சிருக்கார். வர்ற வழியில பாத்திருப்பீங்க. போர்டு மேல சிவப்பு சால்வை."

"அதுவா? ரொம்ப அழகா இருக்குன்னு போட்டோ எடுத்தேனே!"

பிறகு அவர் முகம் மாறியது. ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து போனில் யாருக்கோ தட்டினார். பத்து நிமிடம் இருக்கும். நான் ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் எழுதினேன். அதிலும் நேர்மை என்ற சொல் முதல் வரியிலேயே வந்து நின்றது. அடித்தேன்.

நிவேதிதா நிமிர்ந்தபோது கண்கள் பளபளத்தன. "சுகந்தி, இது இன்னும் நல்ல ஸ்டோரி! நிஜமான தொழிலாளியோட நிஜமான மகள். சாக்லேட் கடையில பெட்டி கட்டிட்டு இருக்காங்க. நாம உள்ள போறோம். அவங்க வேலைக்கான லெட்டரைப் பிரிக்கிறாங்க. அழறாங்க. அம்மா ஓடி வந்து கட்டிக்கிறாங்க."

"ரேவதிக்கு வேலை குடுக்கறீங்களா?"

"அது வேற டீம் முடிவு பண்ணணும். இன்னைக்கு வெறும் கவரை வச்சு எடுத்துக்கலாம்."

கமலாக்கா என் பக்கம் திரும்பினார். "என்னங்கண்ணு சொல்றாங்க?"

"ரேவதியப் படம் புடிக்கணுமாங்க்கா."

"வேலை?"

"அது அப்புறமாம்."

கமலாக்கா சேலையிலிருந்து மைக்கைக் கழற்றினார். கூடையை எடுத்து நிவேதிதாவின் கையில் கொடுத்தார். "இதக் கொண்டு போங்கம்மா. துணி போடறதுக்கு ஆகும்" என்றார். கத்தரியை எடுத்துக்கொண்டு, சரிவில் இறங்கித் தன் வீட்டைப் பார்த்துப் போய்விட்டார். தூரத்திலிருந்து பார்க்க மிக நன்றாக இருந்த அந்தக் காட்சியை மட்டும் கேமராக்காரர் எடுக்கவில்லை.

கரடி எங்கே நிற்கிறது

கார் போனதும் நேராகக் கடைக்குப் போனேன். அப்பா மூடிய போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். ஸ்டூலில் ஏறினேன். அவர் போட்ட முடிச்சு எனக்கு அவிழவில்லை. அவரும் இன்னொரு ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஆளுக்கு இரண்டு மூலை அவிழ்த்தோம்.

"என்னன்னு சொன்னே?"

"ஸ்வெட்டர் கடைன்னு சொல்லிட்டேன்ப்பா. மன்னிச்சுக்குங்க."

அவர் சால்வையை உதறி மடித்தார். "கையில பின்னுனதுன்னு சொன்னியா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அதற்கு முன்பே கண்ணில் வேறொன்றும் வந்துவிட்டது. அவர் பார்க்காதது போல உள்ளே போனார்.

அடுத்து சாக்லேட் கடை. ரேவதி பின்பக்கம் ஒரு மேசையில் நின்று பெட்டிகளுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். அறை முழுக்க உருகிய சர்க்கரையின் வாசனை. கைகளில் பிளாஸ்டிக் உறை.

"எங்கம்மாவ உங்கம்மான்னு சொன்னீங்களாமே?" என்றாள். கமலாக்கா போனில் சொல்லியிருக்கிறார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். கம்பெனியில் கற்றுக்கொடுத்த முறைப்படி, என் பொறுப்பை ஏற்று, இனி நடக்காமல் பார்த்துக்கொள்வேன் என்றெல்லாம். அவள் மூன்று பெட்டிகள் கட்டி முடிக்கும் வரை பேசினேன்.

"அது பரவால்லக்கா. எங்கம்மாவுக்கு ஜாலியாத்தான் இருந்துச்சாம். ஆனா ஆறேழு வருசமா அம்மா கூட உங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போறேன். என்ன படிக்கிறேன்னு ஒரு தடவையாச்சும் கேட்டிருக்கீங்களா?"

யோசித்தேன். 'அம்மா உள்ளே இருக்காங்க' என்று சொல்லியிருக்கிறேன். 'கதவைச் சாத்திட்டுப் போ' என்று சொல்லியிருக்கிறேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையால் 'உள்ளே போ' என்று காட்டியிருக்கிறேன். அவ்வளவுதான் நினைவுக்கு வந்தது. மூன்று ஆண்டுகளாக அவளுடைய வாழ்க்கையை என்னுடையதாக வைத்துக்கொண்டிருந்தேன். அவள் பள்ளியை முடித்துவிட்டாளா என்பதுகூட அன்று காலை வரை எனக்குத் தெரியாது.

"கேட்டதில்ல" என்றேன். அன்று நான் பேசியதில் அது ஒன்றுதான் கம்பெனி முறைப்படி இல்லாதது.

அவள் உறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்து நீட்டினாள். திரையில் ஒரு பக்கம் திறந்திருந்தது. லைன் வீடுகள் பக்கம் யாராவது கரடியையோ காட்டெருமையையோ பார்த்தால் ஓர் எண்ணுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். எந்த இடம் என்று புரிந்துகொண்டு, அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் அது தகவல் அனுப்பும். இரண்டு மணி நேரத்தில் வேறு யாரும் பார்க்கவில்லை என்றால், அந்தத் தகவலை அதுவே அழித்துவிடும்.

"இது எங்கம்மா போன்ல வர்றது!"

"ஆமாக்கா. நாந்தான் உங்கம்மாவுக்குப் போட்டுக் குடுத்தேன். நீங்க ரூம்ல இருந்தீங்க."

அன்று காலை எங்களைக் கரடியிடமிருந்து காப்பாற்றியது அதுதான். அதற்கு அவள் எழுதியிருந்த புரோகிராமைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. தேவையில்லாத ஒரு வரி கிடையாது. என் சோபா நிழலால் இதுவரை யாரும் எந்த மிருகத்திடமிருந்தும் தப்பியதாகத் தகவல் இல்லை.

அவள் கம்பெனிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த விண்ணப்பத்தையும் கேட்டு வாங்கிப் படித்தேன். நேர்மை. குழுப்பணி. சாமானிய மக்களின் வாழ்க்கையை மாற்றும் துடிப்பு. என்னுடையதையே படிப்பது போல இருந்தது. எஸ்டேட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. கரடியைப் பற்றியும் இல்லை.

"எஸ்டேட்டப் பத்தி ஏன் எழுதல?"

"அத எழுதுனா பாவம்னு எடுப்பாங்க. வேலை தெரியும்னு எடுக்கட்டும்."

"சரி, கரடி?"

"அது ஊட்டுக்குச் செஞ்சதுக்கா. அதெல்லாம் ஒரு வேலையா?"

நான் செய்த உதவி என்று ஏதாவது சொல்ல வேண்டுமானால், அந்த நூறு சொற்களையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் கரடியை நிறுத்தச் சொன்னேன். அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள்.

பரிசீலனையில் உள்ளது

என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. துறைத் தலைவர் அழைத்து, "நீங்கள் முன்பே சொல்லியிருக்கலாம்" என்று வருத்தப்பட்டார். என் அறிமுகத்திலிருந்து தேயிலை வரியை எடுத்துவிட்டார்கள். நேர்மை அப்படியே இருக்கிறது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மழையில் இணையம் அறுந்தால் இப்போதெல்லாம் கூடுதல் நாள் கிடையாது. ஆச்சரியம், அறுவதும் குறைந்துவிட்டது.

வீடியோவும் வந்தது. பனி, மலை, பியானோ, மறுபடியும் பனி. மனிதர்கள் யாரும் இல்லை. ஓர் இடத்தில் மட்டும், யாருடைய முதுகு என்று தெரியாத ஒரு முதுகில் அழுக்குத் துணிக் கூடை பத்து விநாடி போகிறது.

ரேவதியின் புதிய விண்ணப்பத்தை நானே என் கம்பெனியில் சேர்த்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மூன்று முறை நினைவூட்டினேன். மூன்று முறையும் பரிசீலனையில்தான் இருந்தது. இதை எழுதுகிற இன்றும் இருக்கிறது. அதற்குள் கோயம்புத்தூரில், ஒரு மாடி முழுதும்கூட இல்லாத ஒரு சின்னக் கம்பெனியின் முதலாளி அவளைக் கூப்பிட்டு, கரடியைப் பற்றியே ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறார். இரண்டு பேர் இரண்டு இடம் சொன்னால் என்ன செய்வாய், ஒருவர் பொய்யாக அனுப்பினால் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று. வேறு எதையும் கேட்கவில்லையாம். வந்து சேரச் சொல்லிவிட்டார்.

அவள் கிளம்பிய அன்று நானும் பேருந்து நிலையத்துக்குப் போனேன். அப்பா கடையிலிருந்து ஒரு ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

"கோயமுத்தூருக்கு எதுக்குங்க்கா ஸ்வெட்டரு?"

"கம்பெனியில ஏசி போடுவாங்களாம். அப்பா சொன்னார்."

கமலாக்கா அன்று வேலைக்கு லீவு போட்டிருந்தார். மகளின் பையைப் பேருந்துக்குள் வைத்து, அது நகராதபடி இன்னொரு பையை முட்டுக் கொடுத்து, இறங்கி வந்து, மறுபடியும் ஏறிப் போய்ச் சரிபார்த்தார். ஜன்னலோரம் உட்கார்ந்த ரேவதி கம்பிகளுக்கு நடுவே என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நாளைக்கு எல்லார் முன்னாடியும் நின்னு செல்ஃப் இன்ட்ரோ குடுக்கணுமாம். என்ன சொல்லட்டும்?"

"பேரைச் சொல்லு. தெரிஞ்சதச் சொல்லு. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லிரு."

"அது போதுமா? நீங்க அப்படித்தான் சொன்னீங்களா?"

"இல்ல. நீ சொல்லிப் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணு."

நடத்துநர் விசில் கொடுத்தார். மலையிறங்குகிற வழியில் பர்லியார்ப் பக்கம் மழை பிடித்திருப்பதாக யாரோ சொன்னார்கள். பேருந்து வளைவில் திரும்பி மறைந்த பிறகும் கமலாக்கா கையை இறக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது.

"சொன்னேங்க்கா. நீங்க சொன்ன மாதிரியே."

"என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல. யாரும் கைகூடத் தட்டல. ஒரு சீட்டக் காட்டி உக்காரச் சொன்னாங்க. உக்காந்ததும் வேலை குடுத்துட்டாங்க."